எஞ்சினை மாற்றும் முன் படகின் அடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிறிய வேகப்படகுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படகு மந்தமாக ஓடினால் கூடுதல் குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைப் பூட்டுவதுதான் வழி என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பி யாரும் கடன் வாங்கிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு படகு எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்பதற்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் எஞ்சின் தொங்கும் பின்பலகையே விரிசல் விடும். வேகத்தில் திருப்பும்போது படகு புரளவும் கூடும். இருக்கிற எஞ்சின் தன் முழுச் சக்தியையும் தண்ணீருக்குக் கொடுக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என்னுடையது 14 அடி ஃபைபர் படகு, பின்பலகைக்கு வெளியே தொங்கும் 30 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் பிடியை, முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வரை ஓட வேண்டும் என்கிறது எஞ்சினோடு வந்த கையேடு. என் எஞ்சின் 4,600-ஐத் தாண்டவில்லை. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 37 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அணியம், அதாவது படகின் முன்பகுதி, தண்ணீரை உழுதுகொண்டே போகும்.

படகைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு மீட்டர் நீள நேர்கம்பியை அடிப்பாகத்தில் பின்பலகை வரை வைத்து, மறுபக்கம் டார்ச் அடித்தேன். கம்பிக்குக் கீழே பின்கோடிக்குச் சற்று முன்னால் ஒரு பிறைபோல வெளிச்சம் தெரிந்தது. நடுவில் அதன் தடிமன் நாலைந்து மில்லிமீட்டர் இருக்கும். இந்த உட்குழிவை ‘ஹூக்’ என்பார்கள். படகை ஏற்றி வைக்கும் டிரெய்லரின் தாங்குகட்டை பின்பலகை வரை எட்டாமல் பாதியில் நின்றதால், எஞ்சின் பாரத்தில் பின்கோடி தொங்கிப்போய் விழுந்த வளைவு அது. ஓடும்போது அந்த வளைவு அமரத்தை, அதாவது படகின் பின்பகுதியை, தூக்கி அணியத்தை அமுக்குகிறது. எபாக்சி பிசின் பூசி, நாள் கணக்கில் தேய்த்து, வெளிச்சம் கசியாத அளவுக்குச் சமன் செய்தேன். தாங்குகட்டையையும் நீளமாக மாற்றினேன். இல்லையென்றால் அதே குழி மறுபடி விழும்.

அதன்பின் தண்ணீரில் இறக்கினால் புதிதாக ஒரு தொல்லை. வேகம் பிடித்ததும் அணியம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் குதிக்கத் தொடங்கியது. பெட்ரோல் டேங்க், பேட்டரி, நங்கூரம் எல்லாமே அமரத்தில்தான் கிடந்தன; அந்தப் பாரத்தை இத்தனை நாளும் ஹூக் மறைத்து வைத்திருந்தது. டேங்கையும் நங்கூரத்தையும் நடுப்பகுதிக்கு முன்னால் நகர்த்தினேன். குதிப்பு நின்றது. ஒரு குறையைச் சரிசெய்தால் அதன் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று வெளியே வரும் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

அடுத்தது எஞ்சினின் உயரம். புரொப்பல்லருக்கு நேர்மேலே படுக்கையாக இருக்கும் தகட்டைப் பலரும் ‘கேவிட்டேஷன் பிளேட்’ என்கிறார்கள். உண்மையில் மேல்பரப்புக் காற்றை புரொப்பல்லர் உறிஞ்சாமல் தடுப்பதுதான் அதன் வேலை. படகின் அடிமட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் கீழே அது கிடந்தது. கியர் பெட்டி தேவைக்கு மேல் தண்ணீரில் மூழ்கி இழுவையைக் கூட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினைப் பின்பலகையில் மாட்டும் பிராக்கெட்டில் ஒரு துளை ஏற்றினால் முக்கால் அங்குலம் உயரும். இரண்டு துளை ஏற்றித் தகட்டை அடிமட்டத்துக்குச் சமமாக்கினேன். 4,800 சுற்று வந்தது. ஆசையில் மூன்றாவது துளைக்கும் ஏற்றினேன். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. வளைத்துத் திருப்பியதும் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சி எஞ்சின் அலறியது, படகு நகரவில்லை. குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறும் சிறு தாரையும் நூல்போல மெலிந்துவிட்டது. உடனே த்ராட்டிலைக் குறைத்தேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் எஞ்சின் சூடேறி இறுகி நின்றிருக்கும். அன்றே இரண்டாம் துளைக்குத் திரும்பிவிட்டேன். உயரத்தைச் சோதிப்பவர்கள் அந்தத் தாரை மேல் ஒரு கண் வைத்தே ஓட்டுங்கள்.

புரொப்பல்லரை நான் கடைசியில்தான் தொட்டேன். அதன் மேல் பொறித்திருக்கும் இரண்டாவது எண் பிட்ச். தண்ணீரில் வழுக்கி வீணாகும் பங்கே (வழுக்கல்) இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பொருள். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். என்னிடம் இருந்தது 13 பிட்ச். டாப் கியரில் மலை ஏறுவதுபோல எஞ்சின் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். 11 பிட்சுக்கு மாற்றியதும் 5,300 சுற்று வந்தது, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமும் வந்தது. கியர் விகிதம் இரண்டுக்கு ஒன்று என்பதால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,650 முறை சுற்றும். 11 அங்குலக் கணக்குக்கு 44 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக வர வேண்டும். வழுக்கல் 10 சதவீதம்தான். முன்பு அதே கணக்கில் 19 சதவீதம் விரயமாகிக்கொண்டிருந்தது.

கூடியது 3 கிலோமீட்டர்தானா என்று சிலர் கேட்கலாம். இருவரை ஏற்றிக்கொண்டு த்ராட்டிலைக் கொடுத்தால், முன்பு வேகம் பிடிக்கும் வரை அணியம் வெகுநேரம் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். இப்போது சட்டென்று தண்ணீர் மேல் ஏறி ஓடுகிறது. எஞ்சினும் சுமை தாங்காமல் முனகுவதில்லை. சோதிக்க விரும்புகிறவர்கள் அதே ஆள், அதே பெட்ரோல் அளவோடு போக ஒருமுறை, வர ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். காற்றும் நீரோட்டமும் ஒருவழி ஓட்டத்தில் ஏமாற்றிவிடும்.

இன்னொன்று. அந்தக் கட்டுரையோடு வந்த படத்தில், படகு ஓட்டுகிறவர் நின்றுகொண்டு ஓட்டுகிறார். ஓட்டுகிறவர் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு அவர் உடலில் மாட்டப்படாமல் தொங்குகிறது. அவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி அவர் மேலேயே வரக்கூடும். அடுத்த முறை, கயிற்றை மாட்டியிருக்கும் ஒருவரின் படத்தைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்