'நெகடிவ்' தாளை நம்பிக் குட்டி கொடுத்தேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் நம் இலங்கையில் உறுதியான பிறகு, "இரத்தம் சோதிச்சாச்சு, பயமில்லை" என்ற பேச்சைத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். அதை நம்பி நொந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு தாய்ப்பன்றியும் ஒன்பது குட்டிகளும் வைத்திருந்தோம். மகளின் ஏ.எல். வகுப்புக் காசு அதிலிருந்துதான் வந்தது. ஒரு நாள் தாய் தீனியைத் தொடவில்லை, உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் இரத்தம் எடுத்துப் போனார்கள். பிறகு வந்த தாளில் ஆங்கிலத்தில் 'நெகடிவ்' என்று மட்டும் இருந்தது. சரி, சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்து, மேல் டிவிஷன் அண்ணன் ஒருவருக்கு இரண்டு குட்டிகளைக் கொடுத்தேன். அதற்குள் தாய்க்குக் காதும் வயிறும் கருநீலமாகிச் செத்துப்போனது. அப்புறம் குட்டிகள். அப்புறம் அந்த அண்ணனுடைய பட்டி முழுவதும். இன்றும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகுதான் ஒரு மிருக வைத்தியர் விளக்கினார். எங்களுக்குச் செய்தது பிறபொருளெதிரிச் சோதனை. அது வைரசைத் தேடுவதில்லை. வைரசை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத்தான் தேடுகிறது. தொற்றிய பின் அது இரத்தத்தில் தெரியவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இந்தக் காய்ச்சலில் பல பன்றிகள் அதற்கு முன்பே செத்துவிடும். காய்ச்சலில் கிடக்கும் பன்றிக்கு வைரசையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் வேண்டும். பிழைத்த பன்றியையும், நோய் வந்துபோன பட்டியையும் கண்டுபிடிக்கத்தான் மற்றது நன்றாக உதவும். கிளாசிக்கல் பன்றிக்காய்ச்சல் என்பது வேறு வைரஸ். அந்தக் காய்ச்சலுக்கான பிறபொருளெதிரிச் சோதனையில், அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், தடுப்பூசி போட்ட தாயிடம் குட்டி சீம்பால் குடித்திருந்தாலும்கூட 'பொசிட்டிவ்' வரலாமாம்.

இவ்வளவு விஷயத்தை ஒரே சொல்லில் அடக்கிக் கொடுத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எப்படிப் புரியும்? தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதானே. எந்த நோய்க்கு, எந்தச் சோதனை, காய்ச்சல் வந்து எத்தனையாம் நாள் எடுத்த இரத்தம், மறுபடி எப்போது எடுக்க வேண்டும், அதுவரை குட்டி விற்கலாமா கூடாதா என்று அந்தத் தாளிலேயே தமிழில் இருக்க வேண்டும். கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் தொலைவில் இல்லை, கன்னொறுவையில்தான் இருக்கிறது. அங்குள்ளவர்கள் மனம் வைத்தால் ஒரு மாதிரிப் படிவம் தயாரிக்க அதிக நாள் ஆகாது.

இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பட்டி காலியானால் எங்கள் அடுப்பில்தான் அது தெரியும். இதை வாசிக்கும் மிருக வைத்தியர் யாராவது அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் எழுதினால், பிரதி எடுத்து எங்கள் மூன்று டிவிஷன்களிலும் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
பன்றி வளர்ப்பாளர் ஒருவர்,
தலவாக்கலை