மெஷ்ஷை சாலிடாக மாற்றும் வசதி குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆண்டுச் சந்தாவில் ‘ஆர்கானிக்’ மெஷ் வசதி இல்லாதது தொடர்பாக

வணக்கம்.

கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு மோல்டு பட்டறை நடத்துகிறேன். ஸ்கேன் செய்த மெஷ்ஷை, அதாவது சிறு முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு வலையை, திருத்தக்கூடிய சாலிடாக (கெட்டியான முப்பரிமாண உருவமாக) ஒரே கிளிக்கில் மாற்றலாம் என்று உங்கள் தளத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் போன மாதம் உங்கள் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன்.

வந்த வேலை, தேங்காய்த் துருவிக்கு பிளாஸ்டிக் கைப்பிடி. வாடிக்கையாளர் களிமண்ணைத் தன் கையாலேயே அழுத்திப் பிடித்து, கட்டைவிரல் பதிந்த குழியோடு கொண்டுவந்தார். அந்தக் குழிதான் அவருக்கு முக்கியம். ஸ்கேன் செய்ததில் 4,80,000 முக்கோணங்கள், 24 எம்.பி. எஸ்டிஎல் ஃபைல் (மெஷ்ஷைச் சேமிக்கும் ஃபைல் வகை). உங்கள் மென்பொருள் அதை ஏற்கவே இல்லை. சரி என்று முக்கோணங்களை 10,000 ஆகக் குறைத்தேன். விரல் குழியின் வழவழப்பு போய், பட்டை தீட்டிய கல் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் மாற்றிப் பார்த்தேன். பெயருக்கு சாலிட்தான். ஆனால் ஒவ்வொரு முக்கோணமும் தனித்தனி தட்டை முகமாக நிற்கிறது. ஓரத்தை உருட்டிவிட 1.5 மி.மீ. ஃபில்லட் போட்டால் பிழை. உள்ளே குடைய ஷெல் கொடுத்தாலும் பிழை. மோல்டிலிருந்து பீஸ் கழன்று வர 1 டிகிரியாவது டிராஃப்ட், அதாவது பக்கச் சரிவு, வேண்டும். பத்தாயிரம் முகங்களில் எதைப் பிடித்து அதைக் கொடுப்பது?

எஸ்டிஎல்லில் முக்கோணங்களைத் தவிர வேறெதுவும் இருக்காது, வளைவு பற்றிய தகவலே கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. மெஷ்மேல் நாற்கரக் கட்டங்களை விரித்து, அவற்றை வழவழப்பான நர்ப்ஸ் பரப்பாக (கணிதச் சூத்திரத்தால் வரையறுத்த வளைபரப்பாக) மாற்றும் வழி இருக்கிறது. உங்கள் மெனுவிலும் ‘ஆர்கானிக்’ என்ற பெயரில் அது இருக்கிறது, மங்கலாக. அதைத் தொட்டால், தனியாகப் பணம் கட்டச் சொல்கிறது. உங்கள் விளம்பர வீடியோவில் காட்டியது இந்த வசதியைத்தான். தனிக்கட்டணம் என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். உதவிப் பக்கத்தின் இணைப்பை மட்டும் அனுப்பினீர்கள்.

கடைசியில் 5 மி.மீ.க்கு ஒரு வெட்டுத்தோற்றம் எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் கையால் ஸ்ப்ளைன் (வளைகோடு) வரைந்து, அவற்றை இணைத்து ஒரே உருவமாக்கும் லாஃப்ட் போட்டுத்தான் முடித்தேன். வேலை ஆறு நாள் தள்ளிப்போனது. சொன்ன தேதியில் கொடுக்கிற பட்டறை என்ற பெயரை வைத்துத்தான் எங்களுக்கு ஆர்டர் வருகிறது. வாடிக்கையாளரிடம் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

ஆகவே, சந்தா முடியும்வரை அந்த வசதியைக் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிடுங்கள். முடியாதென்றால் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். தனிக்கட்டண விவரத்தை விளம்பரப் பக்கத்திலேயே தெளிவாகப் போடுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துமூலமாகப் பதில் எதிர்பார்க்கிறேன். பணம் கட்டிய ரசீது, மெஷ் ஃபைல், பிழைச் செய்திகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்