தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது

தருமபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். உனக்கு வற்றாப்பளை அம்மன் துணை. இதைத் தங்கச்சி படம் எடுத்து வட்ஸ்அப்பிலை போடுவாள். போனிலை கதைக்க வெளிக்கிட்டால் "சாப்பிட்டிட்டன் அம்மா, வேலைக்கு நேரமாச்சு" எண்டு வைச்சிடுறாய். அதுதான் கொப்பியிலை எழுதுறன்.

தங்கச்சி முதல் சம்பளம் எடுத்தவள். போன ஞாயிறு எங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏ9 ரோட்டிலை புதுசாய் ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கினம். நான், பெரியம்மா, மாமா, அவள். பெரியம்மா சைவமெண்டபடியால் தக்காளியும் சீஸும் மட்டும் போட்ட பீட்சா. நீ வேலைக்குச் சேர்ந்த புதுசிலை படம் அனுப்பினாயே, அதுதான். மேலை துளசி மாதிரி ஒரு இலை, மணம் மட்டும் வேற. அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கிற மாதிரி இதுக்கும் முதல் நாளே குழைச்சு வைக்கவேணும் எண்டு நீ சொன்னதைப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தினன். ஸ்பகெட்டியை அவ இடியப்பம் மாதிரிக் கையாலை பிசையப் பாத்தவ. இஞ்சை கரண்ட் அடுப்பு. உங்கை விறகடுப்பெண்டு சொன்னனி. பாலை விறகெண்டால் தணல் நிண்டு எரியும், உங்கை என்ன விறகோ.

சாப்பாடு கொண்டுவந்த பெடியனுக்கு "என்ர மகன் இத்தாலியிலை, பலெர்மோவிலை இதைத்தான் செய்யிறவன்" எண்டு சொன்னன். அவன் உள்ளுக்கை போய்ச் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தவன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமே.

மாமா மட்டும் ஒண்டும் கதைக்கேல்லை. கோப்பையைப் பாத்துக்கொண்டே இருந்தார். அவரின்ர சின்னவனும் உங்கைதானே இருக்கிறான். ஏதும் சொன்னவனோ தெரியாது. நான் கேக்கேல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு தம்பி.

தங்கச்சியின்ர பிறந்தநாளுக்கும் நீ எடுக்கேல்லை. காசு மட்டும் வந்தது. அவள் காசையே பாத்துக்கொண்டு இருந்தவள்? ராத்திரிப் பத்து மணிமட்டும் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தவள். நீ கட்டின வீட்டிலைதான் இருக்கிறம், நீ படிப்பிச்சுத்தான் அவள் வேலை எடுத்தவள், அதை ஒருத்தரும் மறக்கேல்லை. ஆனால் ஒரு அண்ணனுக்கு ஐஞ்சு நிமிசம் இல்லையே? போன மாதம் வீடியோவிலை வந்தபோது லைற்றைப் போடாமல் இருந்தாய். கன்னம் வத்தினது இருட்டிலையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலை எங்கட ஆக்களோடை ரொசாலியா அம்மாவின்ர கோயில் மலைக்கு ஏறுறனி எண்டு சொல்லுவாய். இப்பவும் போறனியோ? வெறும் வயித்தோடை ஏறாதை. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்டைக்குக் கடைசியிலை ரெண்டு துண்டு மிஞ்சிப்போச்சு. தங்கச்சி "நீங்கள் சாப்பிடுங்கோ அம்மா, எனக்குக் காணும், நான் சாப்பிட்டிட்டன்" எண்டு கோப்பையை என்ர பக்கம் தள்ளிவிட்டாள். என்னாலை தொட ஏலாமல் போச்சு. தலை சுத்துது எண்டு சொல்லி எழும்பி வெளியிலை வந்திட்டன்.

2009 பங்குனி, கடைசிச் சண்டை, மாத்தளன். ஒரு கோப்பை கஞ்சி. அரிசியும் தண்ணியும் உப்பும். நீதான் செல்லடிக்குள்ளை வரிசையிலை நிண்டு வாங்கிக்கொண்டு வந்தனி. உனக்குப் பதினொரு வயது. அரைவாசியைத் தங்கச்சிக்குப் பருக்கிப்போட்டு மிச்சத்தை உனக்கு நீட்டினன். "நான் அங்கையே சாப்பிட்டிட்டன் அம்மா" எண்டாய். அங்கை ஆளுக்கு ஒரு கோப்பை குடுக்கிற காலம் இல்லை அது. பொய்யெண்டு எனக்கு நல்லாத் தெரியும். உன்ர வயிறு ஒட்டிக் கிடந்ததும் தெரியும். தெரிஞ்சுகொண்டு, பங்கருக்குள்ளை மற்றப் பக்கம் திரும்பி இருந்து, அதை நான் குடிச்சன். ஒருக்கால் கூட "பொய் சொல்லாதை, குடி" எண்டு சொல்லேல்லை. எனக்கும் பசி. இதை ஒருத்தருக்கும் நான் சொன்னதில்லை. மே மாசத்திலை முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்கேக்கை நான் வாங்காமல் தள்ளி நிக்கிறதை நீ கண்டிருப்பாய்.

அந்தக் குரல்தான் இப்ப போனிலை கேக்குது. அதே குரல், தம்பி. நானும் "சரி ராசா" எண்டு சொல்லி வைச்சுக்கொண்டே இருக்கிறன்.

இந்த மாதம் காசு போடாதை. அடுத்த மாதமும் வேண்டாம். தங்கச்சியின்ர சம்பளம் எங்களுக்குக் காணும். உன்ர வாடகையைப் பார். இனி எடுக்கேக்கை "என்ன சாப்பிட்டாய், எங்கை சாப்பிட்டாய்" எண்டு கேப்பன். சாப்பிடேல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு. வேற ஏதும் இல்லையெண்டாலும் சொல்லு. நான் கோவிக்கமாட்டன்.

மாமாவின்ர மூத்தவன் அடுத்த கிழமை வெளிக்கிடுறான். புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் குடுத்துவிடுறன். தூள் நானே வறுத்து இடிச்சது, மூடியை இறுக்கி மூடி வை.

அம்மா