நிறத்தைக் கடைசியாகப் பார்

புதுச்சேரி,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. அங்கே வட அமெரிக்காவில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஆகஸ்டு மாதம் நீ எடுத்த படம் வந்தது. மூன்று வாத்துகளும் ஒரே பழுப்பாக இருக்கையில் எதை வைத்து இனம் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். பேரனுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஆகஸ்டு என்ற மாதத்தைக் கவனி. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பறப்பதற்கான சிறகிறகுகள் அத்தனையையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுகின்றன. புதிய இறகுகள் முளைக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் அவற்றால் பறக்கவே முடியாது. அந்த நாள்களில் எதிரியின் கண்ணில் படாமலிருக்க, பளபளக்கும் பச்சைத் தலையும் செந்நிற மார்பும் மறைந்து, பெடையைப் போன்ற பழுப்பு உடலெங்கும் படர்ந்துவிடுகிறது. ஆகவே கோடையின் முடிவில் நிறத்தை நம்பி இனம் சொல்ல முற்படுபவர் ஏரியில் இருப்பவை எல்லாம் பெண் வாத்துகளே என்ற முடிவுக்குத்தான் வருவார்.

நிறம் மாறினாலும் அலகு பெரிதாக மாறுவதில்லை. உன் படத்தில் இடப்பக்கம் நிற்பதன் அலகு மங்கிய மஞ்சளாகவும், அதன் அருகில் இருப்பதன் அலகு ஆரஞ்சு நிறத்தில் நடுவே கறை படிந்தாற்போலவும் இருக்கின்றன. முன்னது மல்லார்ட் ஆண். பின்னது அதே இனத்துப் பெண். நம் ஊரில் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சலுக்கு ஓட்டிவரும் வளர்ப்பு வாத்துகளின் மூதாதை இந்த மல்லார்ட்தான்.

மூன்றாவதை நீ "அழுக்கு நிறம்" என்று எழுதியிருந்தாய். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். உடல் கருமை கலந்த பழுப்பு, தலையும் கழுத்தும் மட்டும் சற்று வெளிறியவை. சிறகின் பின்பகுதியில் தெரியும் மின்னும் பட்டையைப் பெரிதாக்கிப் பார். மல்லார்டுக்கு அது நீலமாக இருக்கும், முன்னும் பின்னும் வெள்ளைக் கோடு ஓடும். இதற்கோ பட்டை ஊதா நிறம். முன்விளிம்பில் வெள்ளைக் கோடு இல்லை. இது அமெரிக்கக் கறுப்பு வாத்து. இவ்விரண்டு இனங்களும் கலந்து குஞ்சு பொரிப்பதுண்டு. ஆகையால் இரண்டின் அடையாளங்களும் சேர்ந்த பறவையைக் கண்டால் வலிந்து ஒரு பெயரைச் சூட்டாமல், கலப்பு என்றே குறித்து வை.

அந்த மின்னும் பட்டையை நான் பெரிதும் நம்புகிறேன். புதுச்சேரி எல்லைக்குள் பாதியும் விழுப்புரம் மாவட்டத்தில் மீதியுமாகக் கிடக்கும் நம் ஊசுட்டேரியில் இருக்கும் புள்ளி மூக்கு வாத்துக்கு அது பச்சை நிறம். கறுத்த அலகின் நுனி மஞ்சள், அடியில் சிவப்புப் புள்ளிகள்; ஆணும் பெண்ணும் பெரிதாக வேறுபடுவதில்லை. கிளுவைக்கும் பட்டை பச்சைதான், ஆனால் உருவம் மிகச் சிறியது. உன் ஊர்ப் பக்கம் உள்ள கிளுவையையும் நீ பார்க்கலாம்: இங்கே வரும் ஆணுக்கு உடலின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு கிடைமட்டமாக ஓடும், அங்குள்ள ஆணுக்கு மார்பின் ஓரத்தில் செங்குத்தாக இறங்கும். மற்றபடி இரண்டையும் பிரிப்பது கடினம். நாமத்தலை வாத்திலும் அப்படியே: இங்கு வரும் ஆணின் தலை செம்பழுப்பு, நெற்றி வெளிர்மஞ்சள், அமெரிக்க ஆணுக்கு நெற்றி வெண்மை, கண்ணிலிருந்து பின்னோக்கிப் பச்சைப் பட்டை. ஆனால் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இரு கண்டங்களிலும் ஒரே இனம். தட்டைவாயனுக்கு அகப்பை போல் அகன்ற அலகு இருப்பதால், பெண்ணைக்கூட எவரும் தயங்காமல் சொல்லிவிடலாம்.

அடுத்து, அது இரை எடுப்பதைப் பார். தலையை நீரில் அமிழ்த்தி வாலை மேலே தூக்கி மேய்வது ஒரு கூட்டம். முழுவதுமாக மூழ்கிச் சற்றுத் தள்ளி எழுவது மற்றொரு கூட்டம். மூழ்குபவைக்குக் கால்கள் உடலின் பின்பகுதியில் அமைந்திருப்பதால் கரையில் தடுமாறி நடக்கும். பறக்க எழும்போது அவற்றில் பெரும்பாலானவை நீர்ப்பரப்பில் சிறிது தூரம் ஓடியாக வேண்டும். மேய்பவை நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பும். ஊசுட்டேரிக்கு வருபவற்றில் பெரும்பாலானவை மேய்பவை. உனக்கோ குளிர்காலத்தில் நீண்டவால் வாத்து, பஃபிள்ஹெட், ரம்பம் போன்ற விளிம்புடைய மெல்லிய அலகால் மீன் பிடிக்கும் மெர்கன்சர் என மூழ்குபவை பலவும் கிடைக்கும். அந்த வகையில் நீ கொடுத்துவைத்தவள்.

காதையும் பயன்படுத்து. மல்லார்டில் உரத்து "குவாக்" என்று கத்துவது பெண் மட்டுமே. ஆணின் குரல் மெலிந்து கரகரக்கும். இங்கே சீழ்க்கைச் சிறகியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, பறக்கையில் எழுப்பும் சீழ்க்கையால் அறிந்துவிடுகிறோம். பகலில் ஏரியில் கூட்டமாக ஓய்ந்திருந்து, இரவில் வயல்களுக்கு இரை தேடிப் போகும் பறவை அது.

இனிப் படம் எடுக்கும்போது அலகு பக்கவாட்டில் தெரியும்படி ஒன்றும், பறவை சிறகை விரிக்கும் தருணத்தில் ஒன்றும் எடு. தேதியையும், அது மேய்ந்ததா மூழ்கியதா என்பதையும் கூடவே எழுது. டிசம்பரில் ஆண்கள் புதிய இறகுகளோடு நிற்கும். அப்போது அதே கரைக்குப் பேரனையும் கூட்டிப் போய், பெண்களைத்தான் முதலில் இனம் காணச் சொல். காதை மூடும் குல்லா போடாமல் அவனை வெளியே அழைத்துப் போகாதே.

அன்புடன்,
அம்மா