மயில் காணாமல் போன 400 ஸ்டிக்கர்: பணத்தைத் திருப்பிக் கேட்டு இறுதிக் கடிதம்

பெறுநர்: மேலாளர், அச்சகம் (ஜார்ஜ் டவுன் கிளை), பினாங்கு
அனுப்புநர்: பட்டர்வொர்த் வாடிக்கையாளர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, 400 சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றின் மேல் ஒட்டத்தான் உங்களிடம் கண்ணாடி ஸ்டிக்கர், அதாவது பின்னால் இருப்பது தெரிகிற ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர், அடிக்கக் கொடுத்தேன். 380 வெள்ளியை அன்றே முழுதாகக் கட்டினேன். ஐந்து வாரம் ஆகிறது. வாட்சாப்பில் உங்கள் ஆட்கள் அனுப்பிய கட்டைவிரல் படங்களை எண்ணினால் நாற்பதைத் தாண்டும். நல்ல ஸ்டிக்கர் ஒன்றுகூட வரவில்லை.

படம் கடையில் வாங்கியது இல்லை. என் அம்மா நீர்வண்ணத்தில் தீட்டி வைத்துவிட்டுப் போன ஜோடி மயில். மகன் அதை 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்தான். தாளின் பழுப்பை நீக்கி, தோகையில் இழை இழையாகப் பின்னணியை எடுக்க அவனுக்கு மூன்று இரவு பிடித்தது. பிஎன்ஜி படக் கோப்பில் அச்சுக்கான நான்கு மை நிறமுறை (சிஎம்ஒய்கே) நிற்காது என்பதால், நிறத்தை மாற்றி, உங்கள் கையேடு கேட்டபடியே பிடிஎஃப் எக்ஸ்-4 என்ற அச்சுக் கோப்பு வகையாகக் கொடுத்தோம். வெள்ளை மைக்குத் தனி ஸ்பாட் கலர் (மற்ற நிறங்களோடு கலக்காமல் தனியாக அடிக்கும் மை), கையேட்டில் இருக்கும் அதே பெயரில். ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது என்று, அதை மயிலைவிட ஒரு மயிரிழை உள்ளே இழுத்தும் வைத்திருந்தான். இதற்குமேல் ஒரு வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

முதல் தடவை வந்ததில் வெள்ளை மையே இல்லை. சாதாரண அச்சு மை ஒளியை விடும், கண்ணாடி ஸ்டிக்கரில் அடியில் வெள்ளை போடாவிட்டால் நிறம் நிற்காது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெறும் கையில் பிடித்தால் மயில் தெரிகிறது. போத்தலில் ஒட்டினால் ஊறுகாய்ச் சிவப்பில் நீலக் கழுத்து கறுத்து, தோகை கரைந்து, ஒற்றைக் கண் மட்டும் மிளகாய் விதை மாதிரி முழிக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு பெர்ரி ஏறி வந்தேன். உங்கள் கவுண்டரில் இருந்த தம்பி, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆன்ட்டி, கண்ணாடி ஸ்டிக்கர்னா கண்ணாடி மாதிரிதான் இருக்கும். கூகுள்ல எடுத்த படமா?" என்றார். என் அம்மா கைப்பட வரைந்தது, ஐயா. பின்னால் வரிசையில் நின்ற இருவர் சிரித்தார்கள். இருபத்தெட்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான், அப்படி ஒரு நாள் கூனிக் குறுகி நின்றதில்லை.

சரி, போகட்டும் என்று இரண்டாவது முறை அடித்துத் தரச் சம்மதித்தேன். இந்தத் தடவை வெள்ளை வந்தது, மயிலுக்கு அடியில் மட்டும் இல்லை, ஸ்டிக்கர் முழுக்க! இருமல் மருந்துப் போத்தலில் ஒட்டுகிற சீட்டு மாதிரி சதுரமாக ஒரு வெள்ளைக் கட்டம். தோகையைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் வேறு.

காரணத்தை மகன்தான் கண்டுபிடித்தான், அதுவும் உங்கள் ஆளே வாட்சாப்பில் அனுப்பிய மாதிரிப் படத்திலிருந்து. நாங்கள் கொடுத்த பிடிஎஃப்பை யாரோ ஜேபெக் படமாக்கி, அதை வாட்சாப்பிலேயே பட்டறைக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் பகுதி என்று ஒன்றை வைக்கவே முடியாது. தனி வெள்ளையும் அதோடு போச்சு. எங்கே மயில், எங்கே வெறுமை என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? இதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்: "எக்ஸ்-1ஏ ஆக மாற்றி அனுப்பவும்." 2001-ல் வந்த அந்தப் பிடிஎஃப் வகை, ஒளி ஊடுருவும் பகுதியை (டிரான்ஸ்பரன்சி) அப்படியே உள்ளே விடாதது. உங்கள் கையேட்டை எழுதியவரும் உங்கள் மின்னஞ்சலை எழுதுபவரும் ஒருமுறை சந்தித்துப் பேசினால் நல்லது.

சொல்ல மறந்துவிட்டேன், அந்தச் சனிக்கிழமையை. பத்து மணிக்கு வாருங்கள், டிசைனர் இருப்பார் என்றார்கள். பெர்ரியில் வந்து, கொட்டுகிற மழையில் படகுத்துறையிலிருந்து நடந்து, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு பெண் வந்து, டிசைனர் இங்கே வருவதே இல்லை, பட்டறை பிறை ஊரில் இருக்கிறது என்றாள். பிறை! என் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். இதற்காகவா மூன்று தடவை கடலைத் தாண்டினேன்?

பெர்ரி, கிராப் வாடகைக் கார் செலவு, அரை நாள் விடுப்புகள், ஒட்டிய போத்தல்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிய கூலி, மகளின் அழுகை எல்லாம் சேர்த்தால் எனக்குப் பத்தாயிரம் வெள்ளி நட்டம் என்று சொன்னாலும் குறைவுதான். ஆனாலும் நான் கேட்பது 380 வெள்ளி மட்டுமே. அதோடு அந்தத் தம்பியிடமிருந்து ஒரு வரி மன்னிப்பு. உங்கள் பட்டறை வேலை சுத்தமானது என்று பலர் சொல்லித்தான் வந்தேன், உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

ஏழு நாளில் பதில் இல்லாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் இந்தக் கடிதத்தின் நகல் போகும். இரண்டு தடவை அடித்ததிலும் பத்துப் பத்து ஸ்டிக்கர், கையேட்டின் பிரதி, வாட்சாப் உரையாடல் எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கின்றன.

தயவுசெய்து அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் அம்மா

பி.கு.: மூன்றாவது முறை இலவசமாக அடித்துத் தருகிறோம் என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். மயிலை இப்போது பிறையிலேயே வேறு ஒரு கடையில் கொடுத்திருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டது, "வெள்ளை எந்த லேயர்ல இருக்கு அக்கா?"