சத்தம் போடாத டாப்பெட்

அன்பு மகளுக்கு,

நேற்று போனை உன் பைக் இன்ஜின் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கேட்க வைத்தாய். போன் வழியாகக் கேட்டு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. "நானே டாப்பெட் செட் பண்ணட்டுமா அப்பா?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். டாப்பெட் செட் பண்ணுவது என்றால், இன்ஜின் வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியை, அதாவது கேப்பை, சரிசெய்வது. தாராளமாகப் பண்ணு. ஆனால் சத்தத்தை நிறுத்துவதற்காக மட்டும் பண்ணாதே.

என் முதல் வண்டியில் நான் அதைத்தான் செய்தேன். அந்த 'டக டக' பிடிக்காமல், இடைவெளியை அளக்கும் கேஜ் வைக்காமல் கைக்கணக்கிலேயே இறுக்கினேன். இன்ஜின் அமைதியானது. சந்தோஷமாக ஓட்டினேன். கொஞ்ச நாளில், சூடாக இருக்கும்போது நிறுத்தினால் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஐடிலிங்கில் இன்ஜின் அணைந்துவிடும், ஏற்றத்தில் இழுவை இல்லை. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால், எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஒரு பக்கம் கருகி அரித்துப் போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வால்வ் தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்குவது, மூடியபடி சீட்டில் (ஹெட்டில் வால்வ் பொருந்தி மூடும் வளையத்தில்) உட்காரும் நேரத்தில்தான். கேப் இல்லையென்றால் சூட்டில் தண்டு நீண்டு, வால்வ் முழுசாக மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கில் பீறிட்டு விளிம்பைத் தின்றுவிடும். சீட் தேயத் தேய இந்தக் கேப் தானாகவே குறையும், அதுவும் சத்தமே இல்லாமல். அதனால் சத்தம் வராவிட்டாலும் மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்து பார்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. திறக்கும் முன் வால்வ் மூடிகளைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷால் தட்டிவிடு. ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டால், பிஸ்டனோடு இணைந்த தண்டான கிராங்க் லேசாகச் சுற்றும்.

இனி வருவதுதான் பலரும் தடுமாறும் இடம். மேனுவலில் காட்டிய திசையில் கிராங்கைச் சுற்று, கண் இன்லெட் ராக்கர் மேல் (பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வை அழுத்தும் நெம்புகோல் மேல்) இருக்கட்டும். அது வால்வை அழுத்தித் திறந்து, திரும்ப மேலே வந்த பிறகு, கிராங்கோடு சுற்றும் சக்கரத்தில் அடுத்து வரும் 'T' கோடுதான் உனக்கு வேண்டியது; பிஸ்டன் உச்சியில் இருப்பதை அது காட்டும். பக்கத்திலேயே 'F' கோடும் இருக்கும். அது ஸ்பார்க்குக்கு உரியது, அதில் நிறுத்திவிடாதே. சரியாக நின்றால் இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆடும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்று.

இன்லெட்டுக்கு ஓர் அளவு, எக்ஸாஸ்ட்டுக்கு ஓர் அளவு இருக்கலாம். 0.08 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அது ஒரு சாதாரண வெள்ளைத் தாளின் கனம்கூட இல்லை. கேஜில் அந்த அளவு உள்ள மெல்லிய தகட்டில், அதாவது ஃபீலர் பிளேடில், ஒரு சொட்டு ஆயில் தடவி, திருகுக்கும் வால்வ் நுனிக்கும் நடுவில் விட்டு இழு. கனமான புத்தகத்துக்குள் இருக்கும் துண்டுத் தாளை உருவுவது போல ஒரு பிடி தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் 0.10 பிளேடை நுழைத்துப் பார். அது நுழையக் கூடாது.

மாற்ற வேண்டியிருந்தால் திருகைப் பூட்டிவைக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, நடுத் திருகை மெல்லத் திருப்பு. நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுற்றி, கேப் குறையும். அதனால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்கு; இறுக்கியபின் மறுபடியும் அளந்து பார். எனக்கு இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை ஆகிறது. அவசரப்படாதே. இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால், டைட்டாக விடுவதைவிட ஒரு மயிரிழை லூசாக, மேனுவல் வரம்புக்குள் விடு.

மூடும்போது மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். கிராங்கைச் சுற்றிய ஸ்பேனரை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணிவிடாதே.

ஒன்றே ஒன்று. திருகைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வால்விலும் எவ்வளவு கேப் இருந்தது என்று அளந்து, ஓடிய கிலோமீட்டரோடு ஒரு தாளில் எழுதிவை. எனக்கும் அனுப்பு. எக்ஸாஸ்ட் அளவை முதலில் சொல்லு.

அன்புடன்,
அப்பா