டிஃபரன்ஷியலுக்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வீட்டிலேயே சரிசெய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பின்பக்க டிஃபரன்ஷியலை (இன்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் பெட்டியை) கழற்றும் வேலையை நான்கே வரியில் முடித்துவிட்டது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் அதை நம்பிக் காருக்கடியில் படுத்தால் ஆபத்து. ஸ்பிட்ஃபயரின் பின்பக்க அமைப்பு அதே கம்பெனியின் ஹெரால்டு காருடையது. அந்த ஹெரால்டு 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு பெயரில் தயாரானதால், வேலூர்ப் பக்கம் ஹெரால்டு வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காருக்குப் பொருந்தாது. அதில் அம்பாசிடர்போல இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்ஸில்.

மார்க் 3 வரையிலான ஸ்பிட்ஃபயரில் டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் ஒன்று ஆறு ஸ்டட்டில் (தலையில்லாத மரை கம்பியில்) நட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் அது ஒன்றுதான் ஸ்பிரிங். காரைத் தூக்கியதும் சக்கரம் மேலும் இறங்காமல் பிடித்திருப்பது ஷாக் அப்சார்பர். ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதிக்கு) அடியில் ஜாக்கி கொடுக்காமல் ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவினால் ஹப் சட்டென்று இறங்கும், பிரேக் ஹோஸ் இழுபடும், இடையில் விரல் இருந்தால் நசுங்கும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கட்டுரை சொல்லும் "கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்தால் போதும்" என்பதும் தவறு. ஹேண்ட்பிரேக் பிடிப்பது அந்தரத்தில் தொங்கும் பின்சக்கரத்தை. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்றதும் கியரும் பயனில்லை. முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் ஸ்டாண்டின் கால் பதிந்துவிடும், சிமென்ட் தரையில்தான் செய்ய வேண்டும்.

நட்டுகள் இன்ச் அளவு. 9/16 இன்ச் என்பது 14.3 மி.மீ.; 14 ஸ்பேனர் நுழையாது, 15 போட்டால் முனை மழுங்கும். ஷாஃப்ட் பிளேஞ்சுகளை (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடுகளை) பிரிக்கும் முன் பெயின்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், பழைய நைலாக் (உள்ளே நைலான் வளையம் உள்ள) நட்டுகளைத் திரும்ப மாட்டாதீர்கள்.

சீட்டுக்குப் பின்னாலுள்ள மூடித் தகட்டை எடுத்தால் ஸ்பிரிங் நட்டுகள் தெரியும். ஸ்டட்டையே எடுக்க வேண்டுமானால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டைத் திருப்புங்கள்; பிளையர் போட்டால் மரை போகும். பிறகு டிஃபரன்ஷியலுக்கு அடியில் பலகை வைத்த டிராலி ஜாக்கி. முன் மவுண்டிங் போல்ட்டுகள் முதலில், பின்பக்க நீள போல்ட் கடைசியில். சரியான உயரத்தில் ஜாக்கி தாங்கினால் அந்த போல்ட் கையோடு வரும். சுத்தியல் தேடுகிறீர்கள் என்றால், ஒன்று ஜாக்கி ஏறியோ இறங்கியோ இருக்கிறது, அல்லது புஷ்ஷில் துருப்பிடித்திருக்கிறது. துருவென்றால் முந்தின இரவே துரு எண்ணெய் விட்டிருக்க வேண்டும். இறக்கும்போது கூட ஒரு ஆள் அவசியம்.

இவ்வளவும் தேவையா என்பதை முதலில் பாருங்கள். கிளட்ச் விடும்போது வரும் 'டக்' சத்தம் பெரும்பாலும் யு-ஜாயின்ட் (ஷாஃப்ட்டை வளைந்து சுழல விடும் மூட்டு) தேய்மானம், அதற்கு டிஃபரன்ஷியலை இறக்க வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டர் அழுத்தும்போதும் விடும்போதும் ஊளைச் சத்தம் மாறினால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். அவை ஜோடியாகப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் போகாது.

ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்தில்தான். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாலாற்றுக்கு ஏற்கெனவே தோல் கழிவே போதும். புதிதாக ஊற்ற வேண்டியது இன்ஜின் ஆயில் அல்ல, பல்லும் பல்லும் உரசி வழுக்கும் ஹைபாய்டு கியருக்கான ஈ.பி. 90 கியர் ஆயில். அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையில் வழியத் தொடங்கியதும் பிளக்கை மூடலாம்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக்குகள்,
சத்துவாச்சாரி, வேலூர்.